வரைபடக் கணக்குக்கு ஜியோஜீப்ரா

அக்கா மகள் பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. கணக்கில் 35 எடுப்பதே பெரும்பாடு. அதிலும் எட்டு மதிப்பெண் வரைபடக் கணக்கைத் தொடவே மாட்டாள். அவளுக்காக சமன்பாட்டை அடித்தால் வரைபடம் போட்டுக் காட்டும் ஜியோஜீப்ராவின் கிராஃபிங் கால்குலேட்டர் செயலியை என் போனில் ஏற்றினேன். இலவசம்தான்.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 8 எக்ஸ் பிளஸ் சி என்று அடித்தால், சி-யின் மதிப்பை விரலால் நகர்த்தி மாற்ற ஒரு ஸ்லைடர் வருகிறது. அதை 12-இல் வைத்தால் பரவளையம், அதாவது திரையில் வரும் வளைகோடு, எக்ஸ் அச்சை 2, 6 என இரண்டு இடத்தில் வெட்டுகிறது; அந்த இடங்கள்தான் தீர்வுகள். 16-க்கு நகர்த்தினால் 4-இல் லேசாகத் தொட்டு நிற்கிறது. 20-க்குப் போனால் அச்சை விட்டு மேலே ஏறிவிடுகிறது. "அப்போ இதுக்கு மெய்யான தீர்வே கிடையாதா சித்தி?" என்று அவளே கேட்டாள். தீர்வுகளின் தன்மை என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தது கண்ணுக்கு முன்னால் நகர்ந்தால் புரியாமல் எங்கே போகும்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தேர்வில் அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, கையால்தான் வரைய வேண்டும். அதனால் முதலில் வரைபடத்தாளில் போடச் சொல்லுங்கள். அப்புறம் செயலியில் சரிபார்க்கட்டும். முக்கோணவியலுக்கு இது எப்படி என்று இன்னும் பார்க்கவில்லை.