ராமநாதபுரம் கரைக்கு எந்த வெள்ள வரைபடம் உதவும்?

தேவிபட்டினம் பக்கம் ஒரு ஊரில் புயல் காப்பகம் கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தரைமட்டத்திலிருந்து தளத்தை எத்தனை அடி தூக்க வேண்டும்? அபாய வரைபடம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வரைபடம் போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணினியில் நில உயரம், சரிவு, மண், ஓடை எவ்வளவு தூரம் என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் பூசுவது. சீக்கிரம் முடியும், தரவும் இலவசம். ஆனால் அதிகம் பயன்படும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்தது. அதில் சில மீட்டர் பிழை இருக்கும். மேகமலையில் அது பெரிய விஷயமில்லை. முழங்கால் உயர வித்தியாசத்தில் தண்ணீர் திசை மாறும் நம் கரையில் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். போதாததற்குச் சீமைக்கருவேலம்! அடர்ந்த மரக்கூட்டத்தில் ராடார் அலை தரைவரை முழுதாக இறங்காது. வரத்துக்கால்களிலும் கண்மாய்க்குள்ளும் கருவேலம் மண்டிய மாவட்டத்தில், பள்ளம் மேடாகிப் பச்சை நிறம் வாங்கிவிடும். அதை நம்பி ஒரு குடும்பம் அங்கே வீடு கட்டினால்?

மற்றது நிகழ்வெண் கணக்கு, அதாவது எவ்வளவு பெரிய வெள்ளம் எத்தனை வாய்ப்போடு வரும் என்று பழைய பதிவுகளிலிருந்து கணிப்பது. ஒவ்வோர் ஆண்டிலும் பதிவான வெள்ளத்தின் அல்லது மழையின் உச்ச அளவை வரிசைப்படுத்தி, கம்பெல் அல்லது லாக் பியர்சன் மூன்றாம் வகை என்ற புள்ளியியல் பரவலில் பொருத்துவார்கள். ‘100 ஆண்டு வெள்ளம்’ என்றால் 100 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று அர்த்தமில்லை. எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு நிற்கும் கட்டடம் அதைச் சந்திக்க 26 சதவீத வாய்ப்பு உண்டு. தளத்தின் உயரத்தை இப்படி ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

ஆனால் வைகையின் நீரோட்டத்தை வைத்து இதைச் செய்யக் கூடாது. கடைமடைக்குத் தண்ணீரே வராத ஆண்டுகள் உண்டு. லாக் பியர்சன் முறையில் அளவுகளுக்கு லாக் (மடக்கை) எடுக்க வேண்டும், பூஜ்யத்துக்கு அதை எடுக்க முடியாது. 1959இல் வைகை அணை வந்த பிறகு பழைய அளவும் புதிய அளவும் ஒரே கணக்கில் சேராது.

அதனால் நான் மழையை வைத்துக் கணக்கிடுவதையே தேர்ந்தெடுப்பேன்: ஆண்டின் அதிகபட்ச ஒருநாள் மழை, ஒவ்வொரு மழைமானிக்கும் தனித்தனியாக. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 400 மி.மீட்டருக்கும் மேல் கொட்டியது. இப்படி ஒரு நாள் சேர்ந்தாலே ‘100 ஆண்டு மழை’யின் அளவு நகர்ந்துவிடும், பழைய கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது.

அப்புறம் அந்த மழையைத் தரையில் ஓடவிட வேண்டும். மேல் கண்மாய் நிறைந்து, கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) தாண்டி, அடுத்த கண்மாய்க்குப் போகும் ஊர் இது. கரை, கலுங்கு உயரங்களை லெவல் கருவியால் அளந்து, எந்தக் கரை முதலில் உடையும் என்று, கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்கட்டியிடம் கேட்டுக் குறிக்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

கடலுக்குத் தனி வரைபடம் வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயலோடு ஏறிவந்த கடல். எந்த மழைக் கணக்கிலும் அது சிக்காது. இரண்டையும் ஒரே நிறத்தில் கலந்துவிட்டால், கண்மாய்க் கரையைப் பார்ப்பதா கடலைப் பார்ப்பதா என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போகும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரத்தில் உபரிநீர் வடியாது. அந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும்.