குரூப்ல நிபுணரைத் தேடி ஆறு வருஷம்: என் அனுபவம்

நேத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் தென்னை ஓலை போட்டோ அனுப்பி "மாப்ள, வெள்ளை ஈ மாதிரி இருக்குது, சோஷியல் மீடியால யாரைக் கேட்கறது, யாரை நம்பறது"ன்னு கேட்டான். அவனுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சு நீண்டுபோச்சு, இங்கயே போட்டுடறேன்.

எங்க தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். தென்னை ஓலைல சாறு உறிஞ்சற சுருள் வெள்ளை ஈ இந்தியாவுல 2016ல முதல்ல தெரிஞ்சதே எங்க ஏரியாலதான். 2019ல எங்க மரத்துல கீழ்மட்டையெல்லாம் கரி பூசுன மாதிரி ஆனப்ப பெரிய விவசாய குரூப் ஒண்ணுல படம் போட்டேன், பத்து நிமிஷத்துல 40 கமெண்ட், பாதிப் பேர் இமிடாகுளோபிரிட்ங்கற பூச்சி மருந்தை அடிங்கறாங்க, ஒருத்தர் தன் கடை நம்பரையே போட்டுட்டாரு. எல்லாத்துக்கும் கீழ, ஒரு லைக்கும் இல்லாம, ஒரு மேடம் கேட்டிருந்தாங்க: "ஓலை அடிப்பக்கத்தைக் கிட்டக்க எடுத்துப் போடுங்க. மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

அதை நான் பார்த்தது மூணு நாள் கழிச்சு. அதுக்குள்ள ஒரு தடவை மருந்து அடிச்சாச்சு.

படம் போட்டதும் அதுல வட்டம் போட்டுக் காட்டுனாங்க. ஈயோட கூட்டுல வட்டமா ஊசிமுனை அளவு ஓட்டை, எங்கார்சியாங்கற குட்டிக் குளவி வெளிய வந்த வழியாம். ஈக் குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதைக் கொல்றது இதுதான், நீங்க அடிச்ச மருந்துல இதுவும் சாகும்னாங்க. எனக்கு வயிறெரிஞ்சுது. மருந்தை நிறுத்திட்டு விளக்கெண்ணெய் தடவுன மஞ்சள் ஷீட் கட்டுனோம், ஈ கழிக்கற இனிப்புத் தண்ணில வளர்ந்து ஓலைல படிஞ்ச கரும்பூஞ்சைக்கு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளிச்சோம், வெயில்ல பசை காஞ்சு கருப்பு செதில் செதிலா உரிஞ்சு விழுந்தது பாருங்க, அந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

ஆனா ஒரே எரிச்சல் ஆறு வருஷமா மாறல. எதைத் தேடுனாலும் லைக் அதிகம் வாங்குனவர்தான் மேல வர்றாரு, தெரிஞ்சவங்க அடியில கிடக்கறாங்க. அதனால நான் "வெள்ளை ஈ மருந்து"ன்னு தேடறதையே விட்டுட்டேன், எங்கார்சியான்னு தேடுவேன், மருந்து விக்கறவங்க அந்தப் பேரை எழுதறதே அபூர்வம். அப்படிக் கிடைக்கற ஆளோட பழைய கமெண்ட்டை எல்லாம் படிப்பேன். திருப்பிக் கேள்வி கேட்கறாரா, "படத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது"ன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா, அவரை சேவ் பண்ணிக்குவேன். இந்த வழியில எனக்குக் கிடைச்ச 11 பேரும் தங்கம்.

இவ்ளோ நல்லது நடந்தும் அந்த குரூப்புக்கு அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்னு கேட்டா ரெண்டுதான் தருவேன். அந்த மேடத்தைப் போன வருஷம் ஒருத்தர் "தோட்டத்துல கால் வச்சிருக்கீங்களா"ன்னு கேவலமா பேசுனாரு, அட்மின் ஒரு வார்த்தை கேட்கல, அவங்க குரூப்பை விட்டே போயிட்டாங்க. மாப்ள, நீ ஓலையை வெட்டி எடுத்துட்டு ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு நேர்ல போயிரு. மேடம் இன்பாக்ஸ்ல மட்டும் இன்னும் பதில் சொல்றாங்க, ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும்.