டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடம்: நிலம் மட்டும் வைத்திருப்பவருக்கு எவ்வளவு உதவும்?

பெயரில் ரயில் இருந்தாலும், டெக்சாஸில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அனுமதி தருவது இந்தக் கமிஷன்தான். கிணறுகளைக் காட்டும் அதன் இணைய வரைபடம் இலவசம். மேல்நிலம் ஒருவர் பெயரிலும் அடியிலுள்ள கனிமம் இன்னொருவர் பெயரிலும் இருப்பது அங்கே சகஜம். கனிம உரிமைக்கே முதலிடம். அதை எடுக்கத் தேவையான அளவு நிலத்தைப் பயன்படுத்த, நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டியதில்லை. அதனால்தான் மேல்நிலத்துக்காரர்கள் மாதம் இருமுறையாவது இந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

கிணறு போடும் நிறுவனம் நிலத்துக்காரருக்குக் கடிதம் அனுப்ப வேண்டியது அனுமதி கிடைத்த பிறகுதான். அதற்கும் 15 வேலை நாட்கள் அவகாசம். அனுப்பாமல் விட்டாலும் அனுமதி ரத்தாகாது. பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் இருப்பதுபோல் மேல்நில இழப்பீட்டுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. கடிதத்துக்குக் காத்திருக்காமல் வரைபடத்தில் உங்கள் நிலத்தில் புதிதாக ஒரு வெற்று வட்டம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி மட்டும் வாங்கி, இன்னும் தோண்டாத இடத்துக்கு அதுதான் குறி.

தேடும் முறை கொஞ்சம் பழையது. நில அளவைகளைக் காட்டும் சர்வே அடுக்கை இயக்கி, பத்திரத்திலுள்ள கவுன்ட்டியையும் (நம் மாவட்டம் போன்றது) அப்ஸ்ட்ராக்ட் எண்ணையும் (மூல நில அளவைக்குத் தந்த எண்) வைத்து நிலத்தைப் பிடிப்பதே சுலபம். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாக உள்ள ஏபிஐ எண்ணால் தேடினால் முன்னாலுள்ள 42ஐ விட்டுவிட்டு, அடுத்த 8 இலக்கங்களை மட்டும் கொடுங்கள். 42 என்பது மாநிலக் குறியீடு, கமிஷன் பதிவுகளில் வராது. வட்டத்தைச் சொடுக்கி டபிள்யூ-1 என்ற தோண்டும் அனுமதி விண்ணப்பம் வரை போய் தேதியைப் பாருங்கள். அனுமதிக்கு ஆயுள் 2 ஆண்டுதான்.

இந்தச் சேவையில் நாங்கள் மிகவும் மதிப்பது கீழே போய்ப் பக்கவாட்டில் நீளும் கிடைமட்டக் கிணறுகளின் கோடு. எந்த நிலத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அது காட்டிவிடும். கோடு உங்கள் நிலத்தில் தொடங்கி, அடுத்தவர் கனிமத்துக்கு மட்டும் போகிறதென்றால் நிலைமையே வேறு. அந்தக் கனிமம் உங்கள் நிலத்தடிக் கனிமத்தோடு ஒரே யூனிட்டில் (பல நிலங்களின் கனிமத்தை ஒன்றாக எடுக்கும் தொகுப்பு) சேர்க்கப்படாதவரை, உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே தோண்டும் ரிக் நிறுத்த முடியாது. பேரம் பேசும் பலம் அப்போது உங்கள் கையில் இருக்கிறது. யூனிட் சேர்ந்திருந்தால் அந்தப் பலம் போய்விடும். எனவே யூனிட் பத்திரத்தை பத்திரங்களைப் பதிந்து வைக்கும் கவுன்ட்டி கிளர்க்கிடம் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

வட்டத்தைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, நிலத்தில் இப்போது நடக்கும் வேலைகளைத் தேதியோடு படம் எடுப்பது. 1971ஆம் ஆண்டு, கெட்டி ஆயில் நிறுவனத்துக்கும் ஒரு மேல்நிலத்துக்காரருக்கும் நடந்த வழக்கில் பிரச்சினையே உயரம்தான். வயலில் உருண்டு போகும் தெளிப்பு நீர்ப்பாசனக் கருவி தாண்டக்கூடியது 7 அடி. நிறுவனம் நிறுத்திய, எண்ணெயை மேலே இழுக்கும் பம்ப் ஜாக் ஒன்று 17 அடி, மற்றொன்று 34 அடி. அதே பகுதியில் வேறொரு நிறுவனம் பம்பைக் கான்கிரீட் குழிக்குள் இறக்கியிருந்தது. ஏற்கெனவே நடக்கும் உபயோகத்தை இப்படி விட்டுக்கொடுத்துக் காக்க வழியிருந்தால், கனிமக்காரர் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கொள்கை அங்கிருந்து வந்தது. நாளைக்குப் போடலாம் என்று நினைத்திருக்கும் தொழுவத்துக்கு இது பொருந்தாது. மாடு வளர்ப்பவர் ஒருவர் 2013இல் தோற்றதற்குக் காரணம், தன் தொழிலை நடத்த வேறு நியாயமான வழி இல்லை என்று அவர் நிரூபிக்காததுதான். செலவு கூடும், சிரமம் என்பது மட்டும் போதவில்லை.

குறைகளும் உண்டு. கனிமம் யாருடையது என்று வரைபடம் சொல்லாது. கமிஷனும் உரிமைத் தகராறுகளைத் தீர்ப்பதில்லை. மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடித்தான் ஆக வேண்டும். பழைய கிணறுகளின் இடம் சில நேரம் தள்ளிக் காட்டும். வேலி போடவோ வீடு கட்டவோ அதை நம்பாமல் சர்வேயரை வையுங்கள். குழாய் அடுக்கில், லீஸ் (கனிமம் எடுக்கக் குத்தகைக்கு விட்ட பகுதி) எல்லைக்குள்ளேயே ஓடும் சிறு குழாய்கள் பெரும்பாலும் இருக்காது. மண்ணைத் தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தரச் சொல்லும் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்துவிட்டு, அந்த லீஸை நடத்தும் நிறுவனத்திடமும் குழாய்த் தடத்தை எழுத்தில் கேளுங்கள்.