இருட்டறைத் தாள்: ஆர்.சி.யா, ஃபைபரா?

இருட்டறையில் கருப்பு-வெள்ளைப் படம் அச்சிட இரு வகைத் தாள் உண்டு. ஆர்.சி. (resin-coated) தாளுக்கு இரு பக்கமும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு; ரசாயனம் நாருக்குள் இறங்காது. படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் 1 நிமிடம், முடிவில் ஓடும் நீரில் அலச 2 முதல் 4 நிமிடம். கொடியில் தொங்கவிட்டால் தட்டையாகக் காய்ந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதுவே சரி.

பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் (நார்) தாள் பொறுமையைச் சோதிக்கும். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவை நார் குடித்துவிடுவதால், அதை வெளியேற்றும் கரைசலில் முக்காவிட்டால் அலச 1 மணி நேரம்கூட ஆகும். தண்ணீர்ச் செலவைக் கேட்காதீர்கள். காயும்போது அப்பளமாகச் சுருளும். இன்னொரு வம்பும் உண்டு: ஈரப் படத்தில் பளிச்சென்றிருந்த வெள்ளைச் சட்டை, காய்ந்ததும் ஒரு சாயல் மங்கிவிடும். அதனால் முதலில் ஒளியூட்டிப் பார்க்கும் சிறு சோதனைத் துண்டைக் காயவைத்துப் பார்த்தே ஒளியூட்டும் நேரத்தைச் சற்றுக் குறைக்கிறேன்.

ஆனாலும் முகப்படம் என்றால் என் கை ஃபைபருக்கே போகும். அந்தத் தாளின் வெண்ணிற பேரியம் சல்பேட் அடுக்கின் மேல் அமர்ந்த கருப்பில், இமைக்குக் கீழுள்ள நிழலும் அதனருகே விழும் முடியிழையும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. ஆயுளிலும் அதற்கே பெயர். தொடக்ககால ஆர்.சி. பிரிண்டுகள் பல, சட்டத்துக்குள் மாட்டி வெளிச்சம் பட்டே வெடிப்பு விட்டன. பின்னால் வந்தவை எவ்வளவோ தேவலை.