வக்கீல் கடிதமா, வருத்தக் கடிதமா?

புகார் கிளம்பியதும் நிர்வாகக் குழு இரண்டாகப் பிரியும். "வக்கீலைப் பார்ப்போம்" என்பார் செயலாளர். "நடந்ததைச் சொல்லிவிடலாமே" என்று முனகுவார் பொருளாளர். எங்கள் சங்கத்திலும் தேத்தண்ணீர் ஆறும்வரை இதே வாக்குவாதம்தான்.

முதல் வழிக்குச் சிங்கப்பூரின் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தைப் பாருங்கள். தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய் என 2004இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. பதிலுக்கு அவதூறு வழக்கு. 2005 ஜூலையில் குறுக்கு விசாரணை தொடங்கியதும் ஆண்டுக்கு 600,000 வெள்ளி சம்பளம் என்பது அம்பலமானது. இரண்டாம் நாளே வழக்கு வாபஸ். அதே வாரம் நிர்வாகக் குழுவே கூண்டோடு விலகியது. குழாயோடு போயிருக்க வேண்டியது! நீதிமன்றத்துக்குப் போனால் நம் கணக்குப் புத்தகமும் கூடவே வரும். செயலாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழியும் இலவசமில்லை. 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடுபோனதைப் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த் அறிவித்து, மன்னிப்புக் கேட்டு, குறுஞ்செய்தியும் அனுப்பியது. அப்படியும் 250,000 வெள்ளி அபராதம். ஆனால் மருத்துவமனைகளுக்குப் போவதை மக்கள் நிறுத்தவில்லை.

நான் பொருளாளர் பக்கம்.