பழைய என்பிஆர் லோரிக்கு ரீகோண்ட் டைனமோ: வாங்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலையும் உரமும் ஏற்றும் பழைய இசுசு என்பிஆர் லோரிகளுக்கு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ போனால், ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ரீகோண்ட் (பழையதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்த) சாமானைத்தான். 24 வோல்ட், 50 ஆம்பியர், பின்னால், பிரேக் பெடலை இலகுவாக்கக் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் பொருத்தியது. பார்த்துப் பொறுக்கினால் நல்ல சாமான். ஆனால் "சார்ஜ் ஏறவில்லை" என்று கடைக்குத் திரும்பி வரும் பலவற்றில் டைனமோவில் குறையே இருக்காது. வயரும், பேட்டரி நெகட்டிவைச் சேசிஸோடு சேர்க்கும் எர்த்தும்தான் காரணம்.

டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் தீப்பொறிக்குக் கரன்ட் தேவையில்லை. சார்ஜ் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் லோரி மில்லுக்குப் போய்த் திரும்பிவிடும். இரவு மில் வரிசையில் விளக்கைப் போட்டு நிற்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். அப்போது அவசரத்தில் டைனமோ வாங்க ஓடாமல், கையில் ஒரு டிஜிட்டல் மீட்டரை எடுங்கள்.

லோரி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 24 வோல்ட்டுக்காகத் தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான். பிறகு எஞ்சினை முடுக்கி 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, இரண்டு பேட்டரியின் வெளி முனைகளுக்கு இடையே பாருங்கள். 27.5 முதல் 28.8 வரை சரி. 25-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 30-ஐத் தொட்டால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதிக்கும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

அடுத்துச் செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலான போர்மேன்கள் செய்வதில்லை. ஹெட்லைட், புளோவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியை, டைனமோவிலிருந்து கரன்ட் வெளியே வரும் பி போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் வயர் கரன்ட்டைத் தின்கிறது. டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் போகக் கூடாது. உரம் ஏற்றும் லோரியில் இந்த இரண்டாவது அளவுதான் முதலில் கெடும். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். ஈரத்தோடு சேசிஸ் எர்த் முனையில் படிந்தால் செம்பு பச்சை பூத்து, உறைக்குள்ளேயே பொடிந்துவிடும். வெளியே பார்த்தால் வயர் புதுசுபோலத்தான் இருக்கும். முனையை வெட்டி, உள்ளே பளபளப்பு தெரியும் வரை சீவி, புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து நசுக்குங்கள். பி வயரே மாற்ற வேண்டுமென்றால் 16 சதுர மில்லிமீட்டர் போதும்.

சாவியைத் திருப்பும்போது சார்ஜ் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் முதலில் பல்பையும் பியூசையும் பாருங்கள். அந்த விளக்கு வழியாகத்தான் பல டைனமோக்களுக்குத் தொடக்கக் கரன்ட் போகிறது. ஒரு சின்ன பல்புக்காக டைனமோ மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மீட்டரை ஏசி அளவுக்குத் திருப்பி, ஓடும் எஞ்சினில் பேட்டரியில் வைத்தால் 0.5-க்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், ஏசியை டிசியாக மாற்றும் டயோட் போயிருக்கிறது. இரவோடு இரவாக பேட்டரி இறங்குவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எழும் வோல்ட் உதறலில் நல்ல கட்அவுட்டும் டயோட்டும் சேர்ந்தே போகும்.

இவ்வளவும் பார்த்து டைனமோதான் குற்றவாளி என்றால், கார்பன் (சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் பிரஷ்) மட்டும் தேய்ந்திருக்கிறதா, கட்அவுட் மட்டும் போயிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கார்பன் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்திருந்தால் அதை மாற்றினாலே போதும், முழு சாமான் வேண்டாம். சுருள் எரிந்திருந்தாலோ வேக்கம் பம்ப் தேய்ந்திருந்தாலோதான் ரீகோண்ட்.

கடையில் பொறுக்கும்போது காற்றுத் துளைகள் வழியே டார்ச் அடியுங்கள். உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் பம்ப் பக்கத்து சீல் கசிகிறது; அந்த எண்ணெய் கார்பனில் ஏறினால் சார்ஜ் விட்டுவிட்டு வரும். அதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். ஷாஃப்டைக் கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. பெஞ்சில் சுற்றி 28 வோல்ட் காட்டியதும் கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வரும். லோடு இல்லாமல் 28 காட்டுவது பெரிய காரியமில்லை. ஹெட்லைட் பல்புகளை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். புல்லி காடியும் சாக்கெட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கட்அவுட் வெளியே தனியாக இருக்கும் லோரியில், கட்அவுட் உள்ளேயே இருக்கும் டைனமோவை நேராக மாட்ட முடியாது.

மாட்டும்போது பம்ப்பின் எண்ணெய் வாயில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் ஊற்றிவிட்டு, எண்ணெய்க் குழாயின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஓட்டுவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாக இருந்தால் பம்ப் இழுக்கவில்லை, லோரியை வெளியே எடுக்காதீர்கள்.

80 ஆம்பியர் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 70 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டில் 6 ஆம்பியர்தான் இழுக்கும். ஏர்கோன் இல்லாத லோரிக்கு 50 தாராளம்.

ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். அந்த ஒரு பேட்டரி எப்போதும் பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டையும் மாற்றும்போது ஒரே அளவில், ஒரே நாளில் மாற்றுங்கள்.