மீற்றர் வைத்துச் சோதிக்காமல் கார் ஓல்டனேற்றரை மாற்றச் சொன்னால் கவனம்

மட்டக்களப்புப் பக்கம் பழைய கார் ஓட்டுகிறவர்கள் இதை வாசியுங்கள். டவுனில் ஒரு கராஜில் எனக்கு ஓல்டனேற்றரும் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சாமான்) பற்றரியும் மாற்றி ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். பழுதாக இருந்தது ஒரு எர்த் வயர், அதாவது பற்றரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடு இணைக்கிற வயர்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் சுற்றும். இரவில் ஹெட்லைற் மங்கல். ஆனால் ஓல்டனேற்றர் பழுதானால் பெரும்பாலும் டாஷ்போர்டில் எரிகிற பற்றரி லைற் எரியவே இல்லை. அதைச் சொன்னேன், கராஜ் பாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். எஞ்சின் திணறி நின்றது. "பாத்தீங்களா தம்பி, ஓல்டனேற்றர் செத்துட்டு" என்றார். சோதனை அவ்வளவுதான்.

இது காரில் கம்ப்யூட்டர் இல்லாத, கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். நல்ல ஓல்டனேற்றர் இருக்கிற காரும் இப்படிச் செய்தால் நின்றுபோகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஓல்டனேற்றரிலிருந்து வரும் வோல்றேஜ் திடீரென எகிறாமல் தாங்கிக்கொள்வதில் பற்றரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டத்தில் அதைக் கழற்றினால் வோல்றேஜ் ஒரு கணத்தில் எகிறி, ஓல்டனேற்றரின் டயோட்டையோ காரின் கம்ப்யூட்டரையோ எரித்துவிடலாம். யாராவது உங்கள் காரில் அப்படிக் கை வைத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

றீகண்டிஷன் ஓல்டனேற்றர், புதுப் பற்றரி எல்லாம் போட்ட பிறகும் கொஞ்ச நாளில் அதே இழுவை. அப்புறம் கல்முனையில் ஒரு மெக்கானிக் காக்காவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் எடுத்ததே வோல்றேஜ் பார்க்கிற மல்டிமீற்றர். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரியில் 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். (புதிய சில கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.) என் காரில் ஓல்டனேற்றரில் வைத்துப் பார்த்தால் 14.3, பற்றரி முனையில் 12.8 மட்டும்.

பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, ஸ்டார்ட் அடிங்க" என்றார். 0.2 வோல்றுக்குள் நிற்க வேண்டியது ஒன்றையும் தாண்டியது. எர்த் வழியில் கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம். எர்த் வயரைக் கழற்றினால் முனை முழுக்கப் பச்சைப் பூசணமாய் உளுத்திருந்தது. வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! முனைகளைச் சுரண்டிப் புது வயர் போட்டார். பற்றரியிலும் 14 வந்தது. கூலியும் சாமானும் சேர்த்து இரண்டாயிரம்கூட ஆகவில்லை.

முதல் கராஜுக்குப் போய் என் பழைய ஓல்டனேற்றரைக் கேட்டேன். "அது இரும்புக்குப் போட்டாச்சி" என்றார்கள். அது வேலை செய்கிற சாமான் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். பில் கேட்டதற்கு 'எலெக்றிக் வேலை' என்று எழுதி மொத்தக் காசை மட்டும் போட்ட ஒரு துண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் சாமான் விற்றவர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். அந்த அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். நான் முறையிட்டிருக்கிறேன்.

அது முதல் கராஜுக்குத் தெரிந்ததும் அங்கிருந்து போன் கோல் வந்தது. "பாதிக் காசு தாறன், விடுங்க தம்பி." பழைய ஓல்டனேற்றரையும் கொண்டுவாருங்கள், பேசுவோம் என்றேன். இன்னும் பதில் இல்லை.